லாரியில் எண்ணெய் கசிகிறது: நாமே சரிசெய்வதா, பட்டறையில் விடுவதா?

பெங்களூரு கலாசிபாளையத்தில், பார்சல் அலுவலகங்களின் முன்னால் இரவெல்லாம் நின்ற லாரிகள் புறப்பட்டுச் சென்றபின் தரையைப் பார்த்தால் ஆங்காங்கே கரும்புள்ளிகள் தெரியும். எந்த வண்டி எங்கே நின்றது என்பதை அந்தப் புள்ளிகளைக் கொண்டே சொல்லிவிடலாம். பழைய வண்டி என்றால் சொட்டத்தான் செய்யும் என்று சில உரிமையாளர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. வேறு சிலர் முதல் சொட்டைக் கண்டதுமே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுகிறார்கள். இரண்டுமே கணக்குப் பார்க்காமல் எடுக்கும் முடிவுகள்.

வங்கியின் இதழில் கேஸ்கெட்டுக்கும் ஆயில் சீலுக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கடனில் வாங்கிய லாரியின் பதிவுச் சான்றிதழில் உரிமையாளரின் பெயரோடு வங்கியின் பெயரும் இடம்பெற்றிருக்கிறது. அந்த லாரி ஓடினால்தான் வீட்டுச் செலவும் நடக்கும், தவணையும் கட்டப்படும். தவணை தவறிய கணக்குகளைப் பற்றி விசாரிக்கப் போகும்போது, 'வண்டி பட்டறையில் நிற்கிறது' என்ற விடையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எனவே இது வங்கியின் பாடமும் ஆகும்.

சென்ற ஆண்டு எங்கள் கிளைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரின் நிலையிலிருந்து தொடங்குகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். கிளீனராக வேலைக்குச் சேர்ந்து, ஓட்டுநராகி, பின்னர் கடனில் சொந்தமாக ஒரு சிறிய லாரி வாங்கியவர். கலாசிபாளையத்தில் சரக்கு ஏற்றிச் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் சென்று வருபவர். என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்திற்கு அடியிலிருந்து எண்ணெய் சொட்டத் தொடங்கியிருந்தது. ஒரு பட்டறையில் காட்டியபோது, "அண்ணே, கிராங்க் பின்பக்க சீல் போயிடுச்சு. கியர் பாக்ஸை இறக்கணும், மூணு நாள் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கூலியும் சாமானும் சேர்த்து 18,000 ரூபாய். தவணை நாளுக்கு இன்னும் ஐந்து நாட்களே இருந்தன. கியர் பாக்ஸைத் தானே இறக்கிப் பார்த்துவிடலாமா, அல்லது இந்த மாதத் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கவே அவர் வந்திருந்தார்.

அவருடைய கேள்வியில் ஒரு படி விடுபட்டிருந்தது. யார் சரிசெய்வது என்று கேட்பதற்குமுன், எங்கிருந்து கசிகிறது என்பது உறுதியாக வேண்டும். எண்ணெய் சொட்டும் இடம் ஒன்று. அது புறப்படும் இடம் பெரும்பாலும் மற்றொன்று.

கசிவது எது, எங்கிருந்து?

முதலில், கசிவது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். இரவில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அடியில் ஓர் அகலமான வெள்ளை அட்டையை விரித்து, அதன் நான்கு மூலைகளையும் வண்டியின் பாகங்களுக்கு நேராகக் குறித்து வைக்கவும். காலையில் அட்டையில் விழுந்திருப்பது கறுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். டீசல் என்ஜினில் புதிய ஆயிலும் சில நாட்களிலேயே கறுத்துவிடும். கெட்டியாகவும் கந்தக நெடியுடனும் இருந்தால் கியர் ஆயில் அல்லது கிரவுன் ஆயில். தண்ணீர்போல் மெல்லியதாக, வெளிர்மஞ்சளாக இருந்தால் பிரேக் ஆயிலோ கிளட்ச் ஆயிலோ ஆகலாம். அது வண்டியின் பெயின்ட்டை அரிக்கும். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ நீர்த்து இருப்பது ரேடியேட்டரின் கூலன்ட். 2020 ஏப்ரலுக்குப்பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் யூரியாக் கரைசல் தொட்டி இருக்குமானால், அதன் இணைப்புகளில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகப் படிவதும் உண்டு. அது எண்ணெயே அன்று.

அடுத்து, கசியும் இடம். இங்கேதான் அவசரம் பணத்தைத் தின்கிறது. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே மேலே, முன்னால் ஏற்படும் ஒரு கசிவு, கீழே, பின்னால் வந்து சொட்டும். நனைந்திருக்கும் பகுதிகளில் மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும் எதுவோ, அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். என்ஜினை நன்றாகக் கழுவித் துடைத்து உலரவிட்டு, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரை மெல்லத் தூவி, 20 நிமிடம் ஓட்டிவிட்டுப் பார்த்தால், ஈரம் முதலில் எங்கே கோடிடுகிறது என்று பவுடரே காட்டிக்கொடுக்கும். செலவு ஒரு பவுடர் டப்பா. இதைச் செய்யாமல் சாமான் வாங்கப் போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மற்றொரு சோதனையையும் தவறவிடக்கூடாது. என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்து பார்க்கவும். இலேசான ஆவி வருவது இயல்பு. புகை குபுகுபுவென்று அழுத்தத்துடன் வெளியேறினால், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து எரிவாயு கீழே இறங்குகிறது, அல்லது அந்த அழுத்தத்தை வெளியேற்ற வேண்டிய பிரீத்தர் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். உள்ளே அழுத்தம் மிகுந்தால் நல்ல சீலின் வழியாகவும் எண்ணெய் வெளியே வரும். அந்நிலையில் சீலை மாற்றினால் புதிய சீலும் ஒரு மாதத்தில் கசியும். பிரீத்தரைச் சுத்தம் செய்வது அரைமணி நேர வேலை. ரிங் தேய்வு என்றாலோ என்ஜினையே பிரிக்க வேண்டிவரும். இவ்விரண்டில் எது என்று தெரியாமல் சீலுக்குச் செலவு செய்வது வீண்.

கைக்கு அடங்கும் வேலைகள்

கசியும் சாமானின் விலையைக் கொண்டு வேலையின் அளவை மதிப்பிடக் கூடாது. அதை அடைவதற்கு எவற்றையெல்லாம் கழற்ற வேண்டும் என்பதே அளவுகோல். கிராங்க் பின்பக்க ஆயில் சீல் வெறும் ரப்பர் வளையம்தான். ஆனால் அதைத் தொட, கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றும் இறங்கியாக வேண்டும். சம்ப்பின் அடியிலிருக்கும் வடிகால் போல்ட்டின் வாஷரை மாற்ற ஒரே ஒரு ஸ்பேனர் போதும்.

வடிகால் போல்ட்டின் வாஷர், ஆயில் ஃபில்டர், டாப்பெட் கவரின் பேக்கிங், பிரீத்தர் குழாய் ஆகியவை கருவிகளைக் கையாளத் தெரிந்த உரிமையாளர் தாமே செய்யக்கூடியவை. ஃபில்டரில் ஒரு பொதுவான பிழை நேர்கிறது: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து, அழுத்தம் ஏறியதும் எண்ணெய் பீறிடும். டாப்பெட் கவரில் வேறொரு பிழை. கசிவு நிற்க வேண்டுமே என்று போல்ட்டுகளை வலிமை காட்டி முறுக்குகிறார்கள். பேக்கிங் நசுங்கும், தகட்டு மூடி நெளியும், முன்பைவிட அதிகமாகக் கசியும். நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, ஒரே சீராக, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். சிலிக்கான் பசையை அள்ளிப் பூசுவதும் ஆபத்தே. உட்புறம் பிதுங்கும் பசை உதிர்ந்து, எண்ணெயை உறிஞ்சும் சல்லடையை அடைத்தால், கசிவே இல்லாத என்ஜின் எண்ணெய் கிடைக்காமல் சிக்கிப் போகும்.

சாமான் வாங்க ஜே.சி. ரோட்டுக்குச் செல்லும்போது சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளவும். பழைய சீலையும் கையில் கொண்டு போகவும். சீலின் முகப்பில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகியவை மில்லி மீட்டரில் அச்சிடப்பட்டிருப்பது வழக்கம். அந்த எண்கள் பொருந்த வேண்டும். பில் கேட்டு வாங்கவும்.

சம்ப்பின் பேக்கிங் இரண்டுக்கும் இடைப்பட்டது. சில வண்டிகளில் எளிதில் இறங்கும். சிலவற்றில் முன் அச்சு குறுக்கே நிற்கும். வண்டியைத் தூக்கித்தான் செய்ய முடியும் என்றால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. சமதரை, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, வண்டியின் எடையைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலையைப் பட்டறைக்கு விடுங்கள். முன்னோக்கிச் சாய்க்கும் கேபின் உள்ள வண்டியானால், கேபினின் பூட்டுக் கம்பி விழுந்துவிட்டதா என்று கையால் அசைத்துப் பார்த்த பிறகே தலையை உள்ளே நீட்ட வேண்டும்.

வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. நாமே பிரித்தால் உத்தரவாதத்தை இழக்க நேரலாம். நேராக அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்துக்கே செல்லவும்.

ஒரு நாளின் விலை

இனிப் பணக் கணக்கு. பின்வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்கானவை. உங்கள் தொகைகளை அவற்றின் இடத்தில் இட்டுக்கொள்ளுங்கள்.

மாதத் தவணை 26,000 ரூபாய், வண்டி ஓடும் நாட்கள் 26 என்று கொள்வோம். ஓடும் ஒவ்வொரு நாளும் தவணைக்காக மட்டும் 1,000 ரூபாய் ஈட்ட வேண்டும். டீசல், சுங்கம் போக ஒரு நாளில் 2,500 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், வண்டி நிற்கும் ஒரு நாளின் விலை 2,500 ரூபாய். டாப்பெட் கவர் பேக்கிங் மாற்றப் பட்டறையில் 1,500 ரூபாய் கூலி கேட்கிறார்கள், இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறார்கள். அந்த 1,500 ரூபாயை மிச்சப்படுத்த நாம் ஒரு வேலைநாள் முழுவதும் செலவிட்டால், கையிலிருந்து 1,000 ரூபாய் போகிறது. அதே வேலையை, எப்படியும் வண்டி நிற்கப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்தால் 1,500 ரூபாய் முழுவதும் மிச்சம். 'என் உழைப்புக்குக் காசா?' என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பெங்களூருவில் காலை, மாலை நெரிசல் நேரங்களில் நகருக்குள் சரக்கு வாகனங்களுக்குத் தடை இருப்பதால், யஷ்வந்தபுரத்திலோ நகர எல்லையிலோ சும்மா நிற்கும் மணிகள் பல உண்டு. துடைத்தல், அட்டை விரித்தல், பவுடர் தூவிப் பார்த்தல் ஆகியவற்றை அந்த நேரத்தில் செய்துகொள்ளலாம். பிரித்து வேலை பார்ப்பதற்குச் சாலையோரம் ஏற்ற இடம் அன்று.

கசிவைத் தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு. வண்டி ஓடும்போது 10 விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்றால் மணிக்கு 360 சொட்டு. கணக்குக்காக 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டால் மணிக்கு 18 மில்லி. நாளுக்கு 10 மணி நேர ஓட்டத்தில் 180 மில்லி. 26 நாளில் ஏறத்தாழ 4.7 லிட்டர். லிட்டர் 350 ரூபாய் என்றால் மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் சாலையில் கொட்டுகிறோம். அதற்குப் பின்னால் இரு சக்கர வாகனத்தில் வருபவர் சறுக்கி விழும் கணக்கை எந்தத் தொகையாலும் எழுத முடியாது. ஓசூர் சாலையின் ஏற்றங்களில் சுமையோடு ஏறும்போது எண்ணெய் சூடேறி இளகும். நின்ற இடத்தில் இலேசாகச் சொட்டும் வண்டி அங்கே நன்றாகவே ஒழுகும். எண்ணெய் குறைந்தால் முதலில் அடிபடுவது டர்போ. சிறிய டீசல் என்ஜின்களில் அது நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் எட்டக்கூடியது. எண்ணெய்ப் படலமே அதற்குத் தாங்கி. ஆயில் அழுத்தச் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கினால் அது எச்சரிக்கை என்று எண்ண வேண்டாம். சேதம் ஏற்கெனவே தொடங்கியிருக்கலாம். அங்கேயே என்ஜினை நிறுத்த வேண்டும்.

சிறு கசிவை அளந்துகொண்டே காத்திருப்பதும் சில வேளைகளில் சரியான முடிவுதான். பின்பக்க சீலில் இலேசான ஈரம், கிளட்ச் பிளேட்டும் இன்னும் சில மாதங்களில் தேயும் என்ற நிலையில், நாள்தோறும் காலையில் டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றிக்கொண்டு, கிளட்ச் வேலையோடு சீலையும் சேர்த்து மாற்றினால், கியர் பாக்ஸை ஒருமுறை இறக்கும் கூலியே இரண்டுக்கும் போதும். 8 ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனங்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. வேலைக்காக வண்டி எப்படியும் பட்டறையில் நிற்கும் அந்த நாட்களை இத்தகைய வேலைகளுக்காக முன்கூட்டியே குறித்துவைப்பது நல்லது.

காத்திருக்கக் கூடாத கசிவு

ஒரு கசிவுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. பின் சக்கரத்தின் உட்புறம் டயரில் ஈரம் தெறித்திருந்தால், அது ஹப் சீல் கிழிந்து கிரவுன் ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்குவதாக இருக்கலாம். அல்லது பிரேக் ஆயிலே கசிவதாக இருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் ஐயம் வலுப்படும். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலால் கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டுவோர் இருக்கிறார்கள். சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி வெளியே வரும். அந்த லைனிங்கை மாற்றியாக வேண்டும். இரு பக்கச் சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஹப்பைத் திரும்பப் பூட்டும்போது பேரிங்கின் இறுக்கத்தைச் சரியாக வைப்பதற்கும் பயிற்சி வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் தொப்பூர்க் கணவாயில் சுமையோடு இறங்குபவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரேக் சம்பந்தப்பட்ட கசிவு என்றால் வண்டியை நகர்த்தாமல், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு அழையுங்கள்.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். தேய்மானத்தாலும் இயந்திரக் கோளாறாலும் ஏற்படும் செலவை வழக்கமான மோட்டார் பாலிசி ஏற்பதில்லை. கல்லோ மேடோ தட்டிச் சம்ப் உடைந்தால் அது விபத்துச் சேதம். அதற்குக் கோரிக்கை வைக்கலாம். ஆனால் எண்ணெய் ஒழுக ஒழுக ஓட்டிச் சென்று என்ஜின் சிக்கினால், அந்தக் கூடுதல் சேதம் உரிமையாளரின் பொறுப்பில் விடப்படும். படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, வண்டியை இழுத்துச் செல்வதே முறை.

பெரிய வேலை என்று உறுதியானால், தவணை நாள் கடப்பதற்கு முன்பே கிளைக்கு வாருங்கள். நிலுவை ஏற்பட்டதுமே கணக்கு கண்காணிப்புப் பட்டியலில் சேர்கிறது. 30 நாள், 60 நாள் எனப் படிப்படியாக அதன் நிலை மாறி, 90 நாட்களைக் கடந்தால் செயல்படாச் சொத்தாக வகைப்படுத்தப்படுகிறது. அதன்பின் எங்களால் செய்யக்கூடியவை மிகவும் சுருங்கிவிடும். பட்டறையின் மதிப்பீட்டுச் சீட்டுடன் முன்கூட்டியே வருபவரிடம் பேசுவதற்கு எங்களுக்கு வழிகள் உண்டு. ஒவ்வொரு நடைக்கும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வீதம் தனியே ஒரு தொடர் வைப்பில் இட்டுவரும் உரிமையாளர்களையும் நான் அறிவேன். அவர்கள் இந்தக் காரணத்துக்காகக் கிளைக்கு வந்ததில்லை.

கிருஷ்ணகிரிக்காரர் அந்த மாதத் தவணையைத் தள்ளிவைக்கவில்லை. கியர் பாக்ஸையும் இறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ஜினைக் கழுவிப் பவுடர் தூவிப் பார்த்திருக்கிறார். டாப்பெட் கவரின் பின்மூலையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு என்ஜினின் முதுகு வழியாக இறங்கி, கியர் பாக்ஸ் சேரும் இடத்தின் அடியில் வந்து சொட்டியிருக்கிறது. பிரீத்தர் குழாயிலும் கசடு அடைத்திருந்தது. குழாயைச் சுத்தம் செய்து, பேக்கிங்கை மாற்றினார். சாமானுக்கு ஆன செலவு ஆயிரம் ரூபாய்க்குள். அவ்வளவையும் தம் கையால் செய்தவர், அதே நாளில் இடது பின்சக்கரத்தின் உட்புறம் ஈரத்தைக் கண்டபோது மட்டும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மெக்கானிக்கை அழைத்திருக்கிறார். ஹப் சீலும் இரு பக்க லைனிங்கும் மாற்ற ஒரு நாள் வண்டி நின்றது.

வடித்த பழைய எண்ணெயை என்ன செய்தார் என்று கேட்டேன். ஐந்து லிட்டர் கேனில் மூடி வைத்திருப்பதாகச் சொன்னார். கலாசிபாளையம் பக்கத்து ராஜகால்வாயில் எதைக் கொட்டினாலும் அது பெல்லந்தூர் ஏரியை நோக்கித்தான் செல்கிறது. பயன்படுத்திய எண்ணெய் 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளுக்குள் வருகிறது. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிடச் சொன்னேன். வியாழக்கிழமை யஷ்வந்தபுரம் போகும்போது கொடுத்துவிடுவதாகச் சொல்லி, தவணையைக் கட்டிவிட்டுப் போனார்.